எதை இடிப்பது, எதை விடுவது?

முதன்முதலாக ஒரு வீட்டை வாங்குகிறவர், சாவியைக் கையில் பெற்ற மறுநாளே எதிர்கொள்ளும் கேள்வி, தோற்றத்தில் எளியது. ஆயினும் கட்டடக் கலைஞரும் சுகாதார அறிஞரும் சட்டமியற்றுவோரும் மேஸ்திரிமாரும் ஏறத்தாழ நூறு வருஷங்களாக வெவ்வேறு விதமாக விடை சொல்லிவந்தும், இன்றுவரை ஒரு நிர்ணயத்துக்கு வராதது. நகரத்தின் அடுக்குமாடியில், அதுவும் சிறியதான ஒரு வீட்டில், எதை இடித்து மாற்றுவது, எதை இருந்தபடியே விடுவது, இவற்றுள் எதை முதலில் செய்வது என்பதே அக்கேள்வி. சென்னையில் மாம்பலம், மயிலாப்பூர், அடையாறு, அண்ணா நகர் முதலிய பகுதிகளில் 1970களின் பிற்பகுதி முதல் 1990கள் வரை மூன்று மாடியாகவும் நான்கு மாடியாகவும் எழும்பி, இப்போது கைமாறி விற்பனைக்கு வரும் ஐந்நூறு முதல் எழுநூறு சதுர அடி வரையிலான ஃபிளாட்டுகளை உதாரணமாகக் கொண்டு, அக்கேள்விக்குச் சொல்லப்பட்ட பிரதான விடைகளை இக்கட்டுரை பரிசீலிக்க முயல்கிறது.

விடைகளுக்குள் நுழையுமுன், வாங்குகிறவரின் பணப்பையைச் சற்று எட்டிப் பார்ப்பது அவசியம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சம் ரூபாய்க்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடன், சொத்தின் மதிப்பில் 80 விழுக்காட்டைத் தாண்டலாகாது. முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் அம்மதிப்பில் சேர்த்துக் கணக்கிடவும் பொதுவாக இடமில்லை. தமிழ்நாட்டில் 2023 முதல் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என்று இருந்துவருகையில், 50 லட்ச ரூபாய் ஃபிளாட்டை வாங்குகிறவர், விலை முழுவதும் பத்திரத்தில் ஏறுமாயின், பத்து லட்சத்தைத் தம் கையிலிருந்து வைத்து, மேலும் நான்கரை லட்சத்தைப் பதிவுக்காகச் செலுத்திய பிறகே வீட்டுக்குள் காலடி வைக்கிறார். வரிச் சட்டமும் அவருக்கு அனுகூலமாக இருந்ததில்லை. 1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, தாம் குடியிருக்க வீடு வாங்குவதற்குப் பெற்ற கடனின் வட்டியில் 2,00,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ள இடந்தந்தது. பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் பெற்ற கடனுக்கோ 30,000 ரூபாயே வரம்பு. வாங்குவதை விரும்பி, பேணுவதை அவ்வளவாக விரும்பாத ஒரு பொருளாதாரச் சூழலில்தான் மேற்படி கேள்வி எழுகிறது என்பதை மறந்துவிட்டால், பின்வரும் அபிப்பிராயங்கள் யாவும் வெறும் அழகியல் வாதங்களாகவே தோன்றும்.

கேள்வியின் பூர்வோத்தரம்

சிறு வீடு ஒரு தனிப் பிரச்சினை என்ற உணர்வு, முதல் உலக மகாயுத்தத்துக்குப் பின் ஜெர்மனியில் வீட்டுப் பஞ்சம் தலைதூக்கிய காலத்தில்தான் கட்டடக் கலைஞரிடையே தெளிவாக உருப்பெற்றது. 1926இல், பிராங்க்பர்ட் நகரத்தின் குடியிருப்புத் திட்டத்தை எர்ன்ஸ்ட் மே நடத்திவந்தபோது, அவரிடம் பணியாற்றிய ஆஸ்திரிய நாட்டுப் பெண் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே லிஹோட்ஸ்கி, 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமுமுள்ள ஒரு சமையலறையை வகுத்தார். ரயில் வண்டியின் உணவுப் பெட்டியில் சமையற்காரர் நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் எட்டி எடுப்பதையும், அமெரிக்காவில் கிறிஸ்டீன் பிரெடரிக் வீட்டு வேலைகளை அடிக்கணக்கிலும் நிமிஷக்கணக்கிலும் அளந்து எழுதியதையும் மனத்திற்கொண்டு அமைக்கப்பட்ட அச்சமையலறை, சுமார் 10,000 வீடுகளில் பொருத்தப்பட்டது. 1929இல் அதே நகரத்தில் கூடிய நவீனக் கட்டடக் கலைஞரின் சர்வதேச மாநாடு, ஒரு குடும்பம் ஆரோக்கியமாக வாழ்வதற்கு வேண்டிய மிகக் குறைந்த இடம் எவ்வளவு என்பதையே விவாதப் பொருளாகக் கொண்டது. இரண்டு அறைகளுள்ள வீட்டில் ஒன்று 9.5 சதுர மீட்டருக்கும் மற்றது 7.5 சதுர மீட்டருக்கும் குறையாதிருக்க வேண்டுமென்று நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வகுத்திருப்பதை, அந்த விவாதத்தின் தூரத்துச் சந்ததி எனலாம்.

இப்பட்சத்தாரின் சித்தாந்தம், வீடு சிறியதாயிருப்பது தோஷமன்று, ஒழுங்கற்றிருப்பதே தோஷம் என்பது. இடத்தை அங்குலம் அங்குலமாக வகுத்து, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு ஸ்தானத்தை நிச்சயித்துவிட்டால், சிற்றறையும் போதுமானதாகிவிடும். இன்று சென்னைக் கடைகளில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கும் மாடுலர் கிச்சன், அந்தப் பிராங்க்பர்ட் சமையலறையின் பேத்தி. ஆனால் லிஹோட்ஸ்கி தாம் அதுவரை குடும்பம் நடத்தியதுமில்லை, சமைத்ததுமில்லை என்று பிற்காலத்தில் ஒளிக்காமல் சொன்னவர். ஒருவர் மட்டும் நின்று வேலை செய்யும் அறையையே அவர் எண்ணினார். மாமியார் கீரை ஆய, மருமகள் தாளிக்க, பள்ளிக்குப் போகும் பிள்ளை டிபன் டப்பாவுக்காக வாசற்படியில் நிற்கும் காலை வேளையை அந்த அளவுகோல் அளக்கவில்லை.

இதே சித்தாந்தத்துக்கு அக்காலத்திலேயே எழுந்த ஆட்சேபம் இன்னும் ஆழமானது. செக் நாட்டு விமர்சகர் கரேல் தைகே, 1932இல் வெளியிட்ட நூலில், பெரிய வீட்டைச் சுருக்கினால் அது சிறு வீடாகிவிடாது, செல்வரின் வீட்டுக்குரிய கூடத்தையும் படுக்கையறையையும் சாப்பாட்டறையையும் ஒவ்வொன்றாகக் குறுக்கி அடைப்பதே அடிப்படைப் பிழை என்று வாதித்தார். வயதுவந்த ஒவ்வொருவருக்கும் ஓர் அறை, சமையலும் பிற வேலைகளும் பொதுவில் என்ற அவருடைய பரிகாரம், நம் நாட்டில் மட்டுமன்று, அவருடைய நாட்டிலேயே பெரிதும் ஏற்கப்படவில்லை. ஆயினும் நோயைக் கண்டறிந்ததில் அவர் பிசகவில்லை என்றே தோன்றுகிறது. 7.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 80 சதுர அடி கொண்ட அறைக்குள், ஆறடிக்கு ஆறரை அடிக் கட்டில் ஒன்றை இறக்கினால், அறையில் ஏறத்தாழப் பாதி அக்கட்டிலுக்கே போய்விடுகிறது. மிச்சத்தில் அலமாரியின் கதவைத் திறப்பதற்குக் கட்டிலின்மேல் ஏற வேண்டியிருக்கும்.

பாயும் கட்டிலும்

அறையைப் பெரிதாக்க இயலாதபோது, அறைக்குள்ளிருக்கும் பொருள்களின் சுபாவத்தை மாற்றலாம் என்பது இரண்டாவது பட்சம். இதற்கு ஜப்பானை உதாரணம் காட்டுவது வழக்கம். பகலில் மடித்து அலமாரியில் வைத்து, இரவில் விரிக்கும் மெத்தையினால் ஓர் அறை இரண்டு அறைகளின் வேலையைச் செய்வது அங்குள்ள பழைய ஏற்பாடு. ஆனால் அந்த உதாரணமே அவ்வளவு எளிதன்று. எளியோர் வீடுகளைக் கணக்கெடுத்து ஆராய்ந்த நிஷியாமா உஸோ, எவ்வளவு குறுகிய வீட்டிலும் ஜனங்கள் உண்ணும் இடத்தையும் உறங்கும் இடத்தையும் பிரித்துக்கொள்ளவே முயல்கிறார்கள் என்று கண்டார்; அக்கருத்தின் வழிவந்ததே, நாற்பது சதுர மீட்டருக்குட்பட்ட வீட்டில் சமையலறையையே சற்று விரித்து அங்கே உணவு மேஜையைப் போட்ட 1951ஆம் வருஷத்துப் பொதுக் குடியிருப்பு வகை. ஓரறை எல்லாவற்றுக்கும் என்ற தத்துவத்தைப் பிறர் புகழ்ந்துகொண்டிருந்த அதே சமயத்தில், அத்தத்துவத்துக்கு உரியவராகக் கருதப்பட்டவர்கள் அதிலிருந்து விலகிக்கொண்டிருந்தார்கள்.

நமக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. கூடம், தாழ்வாரம், ரேழி, முற்றம் என்று இடங்களுக்குப் பெயரிருந்ததேயன்றி, இது படுக்கையறை, இது வரவேற்பறை என்று உபயோகத்தால் பெயரிட்ட அறைகள் பழைய தமிழ் வீட்டில் அருமை. பாயைச் சுருட்டிய கணத்தில் படுக்கையறை மறைந்துவிடும். ஆனால் அந்த வீட்டுக்கு முற்றமும் திண்ணையும் தெருவும் உதவியாயிருந்தன என்பதை இப்பட்சத்தார் கவனிப்பதில்லை. மூன்றாம் மாடியில் திண்ணை இல்லை. மூட்டுவலியுள்ள முதியவரைத் தரையில் படுக்கச் சொல்வதும் இயலாது. மடிக்கும் மேஜை, சுவரோடு எழுப்பி நிறுத்தும் கட்டில் முதலியவை வாங்கிய புதிதில் தினமும் மடிக்கப்படும். சில மாதங்களுக்குப் பின் விரித்தபடியே கிடப்பதையும் பல வீடுகளில் காணலாம்.

சுவரை நீக்குவோர்

மூன்றாவது பட்சம், இன்று இளைய தலைமுறையினரிடையே செல்வாக்கு மிக்கது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்துவிட்டால் வீடு ஒன்றாகி, வெளிச்சம் பரவி, சிறுமை தெரியாமற்போகும் என்பது அவர்கள் கொள்கை. 1926 வாக்கில் லெ கார்பூசியே வகுத்த ஐந்து விதிகளுள், தூண்கள் பாரத்தைத் தாங்குமாதலால் சுவர்கள் விருப்பப்படி நிற்கலாம் என்ற விதியே இதன் மூலம். கான்கிரீட் தூணும் உத்தரமும் கொண்டு கட்டப்பட்ட ஃபிளாட்டுகளில், நாலரை அங்குலச் செங்கற்சுவர் பெரும்பாலும் மறைப்பேயன்றித் தாங்குவதன்று. ஆகவே இக்கொள்கைக்கு ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் பழைய சிறு கட்டடங்களுள் சிலவற்றில் ஒன்பது அங்குலச் சுவர்களே தளத்தைச் சுமக்கின்றன. இன்னது மறைப்புச் சுவர், இன்னது சுமைச் சுவர் என்று, வரைபடத்தைப் பார்க்காமல் உளியால் தட்டியே கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பும் மேஸ்திரிகளுக்குக் குறைவில்லை.

பாரத்தின் பிரச்சினையை ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு தீர்த்துவிடலாம். தாளிப்பின் காரமும் மிக்ஸியின் இரைச்சலும் குக்கரின் விசிலும் அவ்வாறு தீர்வன அல்ல. ஒருவர் தொலைபேசியில் அலுவலகப் பணியை நடத்தும் அதே வேளையில் மற்றவர் சட்னி அரைக்க வேண்டியுள்ள வீட்டில், சுவர் என்பது வெறும் தடையாயிராமல் ஓர் உபகரணமாகவும் இருக்கிறது. பால்கனியைக் கண்ணாடியிட்டு மூடிக் கூடத்தோடு சேர்ப்பதும் இக்கொள்கையின் ஒரு கிளையே. பிற்பகலில் கடற்காற்று நுழையும் வாயிலை அடைத்து, அதற்கு ஈடாக ஒரு குளிர்சாதனத்தைப் பொருத்துவதை லாபமென்று கருதுவது கஷ்டம்.

இந்தப் பட்சத்தோடு சேர்த்தே மனையடி சாஸ்திரத்தாரையும் குறிப்பிடலாம். அவர்களும் சுவரை நகர்த்தச் சொல்பவர்களே, காரணம் மட்டும் வேறு. இத்தனை அடி அகலமானால் இன்ன பலன் என்று சொல்லும் அந்நூல்கள், நான்கு புறமும் எல்லையுள்ள மனை ஒன்றைக் கருதி எழுந்தவை. மண்ணைத் தொடாத வீட்டுக்கு அவற்றை எப்படிப் பொருத்துவது என்பதில் அச்சாஸ்திரத்தைச் சொல்வோருக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. சமையலறையைத் தென்கிழக்குக்கு மாற்றப் புகுந்து, கழிவுநீர்க் குழாயை வீட்டின் குறுக்கே ஓடவிட்டவர் அடைந்த பலன் எந்த நூலிலும் சொல்லப்படவில்லை.

குழாயை முதலில் பார்ப்போர்

மேற்சொன்ன மூன்று பட்சங்களும் கண்ணுக்குத் தெரிவதைப் பற்றியவை. நான்காவது பட்சம், புத்தகங்களில் அதிகம் இடம்பெறாதது. பிளம்பர்களும் எலெக்ட்ரீஷியன்களும் அனுபவமுள்ள கொத்தனார்களும் வாய்மொழியாகச் சொல்லிவருவது. ஓடுகிற தண்ணீரையும் ஓடுகிற மின்சாரத்தையும் சரிசெய்யாமல் ஓடு பதிப்பதில் பயனில்லை என்பது அதன் சாரம்.

சென்னையைப் பொறுத்தவரை இது மிகையன்று. முப்பது வருஷங்களுக்கு முன் சுவருக்குள் புதைக்கப்பட்ட, ஜி.ஐ. என்னும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள், உப்புச்சத்துள்ள போர்வெல் நீரினால் உட்புறமாகத் துருவேறி, விரல் நுழையும் துவாரம் பென்சில் நுழையும் துவாரமாகச் சுருங்கியிருக்கும். குளியலறையின் தளத்தைச் சுமார் ஓரடி தாழ்த்தி, அப்பள்ளத்தில் குழாய்களைப் போட்டு, செங்கற்கழிவால் நிரப்பி மேலே பூசுவது அக்காலத்து வழக்கம். குழாயின் ஓர் இணைப்பு தளர்ந்தாலும் அந்தப் பள்ளம் ஒரு மறைவான குளமாகி, கீழ்வீட்டின் கூரையில் முதலில் ஓதமாகவும் பிறகு வெண்மையான உப்புப் பூப்பாகவும் வெளிப்படும். அதற்குள் கான்கிரீட்டினுள் இருக்கும் கம்பியை ஈரமும் உப்பும் சேர்ந்து தின்னத் தொடங்கியிருக்கும். துரு, தான் தின்ற இரும்பைக் காட்டிலும் அதிக இடத்தை வேண்டுவதால் காரையைத் தள்ளிப் பெயர்க்கிறது. அவ்வாறு கம்பி தெரியும் கூரையைச் சிகிச்சை செய்யாமல், ஃபால்ஸ் சீலிங் என்னும் பொய்க்கூரையால் மறைத்து விற்கப்படும் வீடுகளும் உண்டு. முதன்முதலாக வாங்குகிறவர் அதை அலங்காரமென்று எண்ணிச் சந்தோஷப்படுகிறார்.

மின்சாரமும் இத்தகையதே. இரண்டு மின்விசிறி, நான்கு குழல்விளக்கு, ஒரு குளிர்ப்பெட்டி என்று கணக்கிட்டு இழுக்கப்பட்ட கம்பிகளில், இன்று இரண்டு குளிர்சாதனமும் ஒரு கீசரும் மைக்ரோவேவ் அடுப்பும் தொங்குகின்றன. பழைய ஃபியூஸ் பலகையை எடுத்துவிட்டு, கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் இணைப்பைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துவதும், எர்த் இணைப்பு பெயரளவில் இருக்கிறதா உண்மையில் இருக்கிறதா என்று சோதிப்பதும், ஒரு சோபாவின் விலைக்குள் அடங்கக்கூடியவை.

இப்பட்சத்தின் பலவீனம், அதன் நியாயத்திலேயே அடங்கியிருக்கிறது. கையிலுள்ள ஐந்தாறு லட்சமும் சுவருக்குள் மறைந்துவிட, வெளியே வீடு பழைய வீடாகவே நிற்கும். முதல் வீட்டை வாங்கிய தம்பதியர் உறவினரைக் கிரகப்பிரவேசத்துக்கு அழைக்கும்போது, புதிய குழாய்களைக் காட்ட முடியாது. இதைக் கேலிக்குரிய மனோபாவமென்று ஒதுக்குவது நியாயமாகாது. வாழ்நாள் சேமிப்பை ஒன்றில் வைத்தவர் அதன் அடையாளத்தைக் காண விரும்புவது இயல்பே. மேலும் இப்பட்சத்தார், எல்லாம் பழுது, எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டும் என்ற எல்லைக்கும் எளிதில் போய்விடுகிறார்கள். பழைய ஃபிளாட்டுகளிலுள்ள மொசைக் தரை, இயந்திரமிட்டுத் தேய்த்து மெருகேற்றினால் இன்னும் பல வருஷம் உழைக்கக்கூடியது. அதன்மேல் விட்ரிஃபைடு டைல்ஸ் ஒட்டினால் தளத்தின் பாரம் கூடி, கதவுகளின் அடியையும் அறுக்க வேண்டிவரும். சமையலறையிலுள்ள கடப்பா கல் அலமாரியை இடித்துவிட்டு அங்கே பிளைவுட் பெட்டிகளை வைக்கிறார்கள். அதுவும் கொதிநீருக்கு ஈடுகொடுக்கும் ஐ.எஸ். 710 தரத்தைக் கேட்டு வாங்காமல், ஐ.எஸ். 303 தரத்தில் ஈரத்தை மட்டும் ஓரளவு தாங்கும் வகையைத் தொட்டியின் அடியில் வைத்துவிட்டால், கரையானும் கரப்பானும் அதன் அழகை அனுபவிக்கும். கல்லைக் கரையான் தின்றதில்லை.

அடுக்குகளின் ஆயுள்

இந்த மாறுபட்ட விடைகளை ஒரு சட்டகத்துக்குள் அடக்கிப் பார்க்க முயன்றவர்களுள் முக்கியமானவர் டச்சுக் கட்டடக் கலைஞர் ஜான் ஹாப்ராகன். 1961இல் அவர் எழுதிய நூல், சமூகத்துக்குப் பொதுவாக நிலைத்து நிற்கும் தாங்குபகுதி வேறு, குடியிருப்பவர் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் நிரப்புபகுதி வேறு என்று பிரித்தது. பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் பிராங்க் டஃபியின் கருத்தை விரித்து, 1994இல் ஸ்டூவர்ட் பிராண்ட் ஒரு கட்டடத்தை ஆறு அடுக்குகளாகக் கண்டார்: அதன் எலும்புக்கூடு முப்பது முதல் முந்நூறு வருஷம் நிற்கலாம், குழாயும் கம்பியுமாகிய சேவைகள் ஏழு முதல் பதினைந்து வருஷத்தில் தேய்ந்துவிடும், நாற்காலி மேஜைகளோ தினந்தோறும் இடம்மாறுவன. ஒசாகாவில் 1993இல் எரிவாயு நிறுவனம் ஒன்று பதினெட்டு வீடுகளோடு கட்டிய நெக்ஸ்ட்21 என்னும் சோதனைக் குடியிருப்பும், உட்சுவர்கள் இல்லாமலே விற்பனைக்கு வந்த 2024ஆம் வருஷத்துச் சிங்கப்பூர் ‘வெள்ளை வீடுகளும்’ இந்தச் சிந்தனையின் வழிவந்தவை.

சென்னை ஃபிளாட்டின் துர்ப்பாக்கியம், பதினைந்து வருஷ ஆயுளுள்ள குழாயை அறுபது வருஷ ஆயுளுள்ள சுவருக்குள் பூசி மூடிவிட்டதுதான். அதனால் அற்பாயுளான ஒன்றை மாற்ற தீர்க்காயுளான ஒன்றை உடைக்க வேண்டியிருக்கிறது. செலவு, தூசி, அயலாரின் கோபம் எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன. இக்கட்டுரையாசிரியரின் அபிப்பிராயத்தில், மேற்கண்ட பட்சங்களுள் முதல் மூன்றும் இடத்தைப் பற்றி விவாதித்துக் காலத்தை மறந்தவை. நான்காவது காலத்தை உணர்ந்தும் அதற்கொரு தத்துவம் சொல்லத் தெரியாதது. ஹாப்ராகனின் வழிவந்தவர்களே இரண்டையும் இணைத்தவர்கள். ஆனால் அவர்களுடைய ஏற்பாடு புதிதாகக் கட்டுகிறவருக்குப் பயன்படுமளவு, பழையதை வாங்கினவருக்குப் பயன்படாது. சமையலறையிலும் குளியலறையிலும் குழாய்களைச் சுவருக்கு வெளியே, திறக்கக்கூடிய பலகைக்குப் பின்னால் கொண்டுவருவது ஒன்றே அவருக்கு எட்டுவது. அதையும் ‘பார்வைக்கு நன்றாயிராது’ என்று பலர் மறுத்துவிடுகிறார்கள்.

குடியிருந்து பார்த்த பிறகே எதையும் மாற்ற வேண்டும் என்போரையும் இங்கே சேர்க்கலாம். மேற்குச் சுவரின் வெயிலும் ஐப்பசி மழையின் கசிவும் எந்த ஜன்னலில் காற்று வருகிறது என்பதும் ஒரு வருஷம் இருந்தால்தான் தெரியும் என்பது மெய்யே. வீட்டைப் பற்றி மிகக் குறைவாக அறிந்துள்ள முதல் மாதத்தில்தான் மிகப் பெரிய தீர்மானங்கள் எடுக்கப்படுகின்றன. ஆயினும் குடியேறிய வீட்டில் குளியலறையைப் பெயர்ப்பது எளிதன்று. அதற்காகவே மாதத்தவணையோடு பழைய வீட்டு வாடகையையும் சில மாதம் சேர்த்துக் கட்டுகிறார்கள். அந்தச் சில மாதங்களில் அறிந்துகொள்ளக் கூடியது, கொத்தனார் எத்தனை மணிக்கு வருகிறார் என்பதே.

தீராதவை

அடுக்குமாடி வீட்டின் தனித்தன்மை, ஒருவர் தரை மற்றொருவர் கூரை என்பது. மேல்வீட்டுக் குளியலறையைப் புதுப்பித்தவரின் நீர்த்தடுப்பு பழுதானால் நஷ்டம் கீழ்வீட்டாருக்கு. சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், புதிய வீடுகளின் குளியலறை ஓடுகளை முதல் மூன்று வருஷம் பெயர்க்க அனுமதிப்பதில்லை. மூலத்தில் செய்த நீர்த்தடுப்பைக் காப்பதே அதன் நோக்கம். நம்மிடம் 2016ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம், கட்டமைப்புக் குறைகளை ஐந்து வருஷம் வரை கட்டியவரே சரிசெய்யக் கடமைப்படுத்துகிறது. முப்பது வருஷத்துக் கட்டடத்துக்கு அது உதவாது. தாழ்த்திய தளத்துக்குள் கிடக்கும் இணைப்பு மேல்வீட்டாருக்குச் சொந்தமா, சங்கத்துக்குச் சொந்தமா என்ற வழக்கு, சங்கக் கூட்டங்களில் தேநீர் ஆறும்வரை நடந்து, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. அக்குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்பதைக் காட்டும் வரைபடம் பெரும்பாலான பழைய கட்டடங்களில் இல்லை. புதுப்பிக்கிற ஒவ்வொருவரும் தாம் கண்டதைக் குறித்து வைத்து, வாங்குகிற அடுத்தவருக்குக் கொடுக்கும் வழக்கமும் ஏற்படவில்லை.

மற்றொரு சந்தேகம், மேற்சொன்ன பட்சங்கள் அனைத்தையும் அசைக்கவல்லது. 2022ஆம் வருஷத்துத் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், உரிமையாளர்களில் மூன்றில் இரு பங்கினர் இசைந்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட வழிவகுத்தது. அன்று ஒருவருக்குக் கிடைக்கும் பங்கு, யூ.டி.எஸ். என்று தரகர் முதல் வங்கி மேலாளர் வரை எல்லோரும் வழங்கும், நிலத்தின் பிரிக்கப்படாத பாகத்தைப் பெரிதும் பொறுத்தது. உள்ளே பதித்த கல்லையோ தச்சு வேலையையோ எவரும் எடைபோடுவதில்லை. முப்பத்தைந்து வயதான கட்டடத்தில் இன்று செய்யும் செலவு எட்டு வருஷத்துக்கு உழைத்தால் போதுமா, இருபத்தைந்து வருஷத்துக்கு உழைக்க வேண்டுமா என்பது, செலவு செய்கிறவரின் கையில் இல்லை. அதே படிக்கட்டில் ஏறி இறங்கும் மற்றப் பதினோரு குடும்பங்களின் மனத்தில் இருக்கிறது. எட்டு வருஷமென்றால் மொசைக்கை மெருகேற்றி, மின்கம்பியை மாற்றி, குளியலறையின் கசிவை மட்டும் அடைத்துக்கொண்டு இருந்துவிடலாம்; இருபத்தைந்து வருஷமென்றால் தாழ்தளத்தைத் தோண்டியே ஆக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே எந்தக் கணக்கைக் கொள்வது என்பதைப் பற்றி, மேற்கண்ட பட்சத்தார் எவரும் இன்னும் எழுதியதாகத் தெரியவில்லை.